தோட்டத்துச் சிறாரும் சமூகநல உதவிகளும்

ஒரு பிள்ளை நல்ல முறையில் வளர்வதற்குப் பெற்றோரின் அன்பு இன்றியமையாதது. ஆயினும் அன்பு மட்டுமே போதுமானதன்று. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாயும் தந்தையும் எத்துணைப் பாசம் உடையவராயினும், அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் பிள்ளையைக் கவனிப்பார் ஒருவர் வேண்டும். வருவாய் தடைப்பட்டால் கைகொடுப்பார் வேண்டும். பதின்ம வயதில் பிள்ளை வழிதவறினால் எடுத்துரைப்பார் வேண்டும். இவை அனைத்தையும் ஒரு குடும்பம் தனித்து நின்று செய்துகொள்ள இயலாது. ஆதலின் அரசாங்கமும் சமூகமும் அமைத்துள்ள உதவிகள் யாவை, அவற்றை எப்பொழுது நாடவேண்டும் என்பதைத் தோட்டப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

பண்டார் தெங்காரா வட்டாரம்

ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியை மேம்படுத்தும் பொருட்டு 1972 ஆம் ஆண்டில் 'கெஜோரா' எனப்படும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. அவ்வாரியம் உருவாக்கிய புதிய நகர்களுள் ஒன்று பண்டார் தெங்காரா. 'தெங்காரா' என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தென்கிழக்கு என்பதே பொருள். செம்பனைத் தோட்டங்களும் பெல்டா நிலத்திட்டங்களும் சூழ்ந்த நகர் இது.

இத்தகைய வட்டாரங்களில் குடியிருப்புகள் ஒன்றற்கொன்று தொலைவில் உள்ளன. இடைநிலைப் பள்ளியும், மருந்தகமும், அரசாங்க அலுவலகமும் நகர்ப்புறத்தைச் சார்ந்தே அமைகின்றன. ஒரு மனுவைக் கொடுத்துவர ஒரு நாள் வேலையை இழக்க நேரும். அதனினும் பெரிய தடைகள் அச்சமும் கூச்சமும் ஆகும். "அலுவலகத்துக்குப் போனால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள்", "நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்றெண்ணி வாளாவிருக்கும் குடும்பங்கள் பல. அவ்வாறு காத்திருக்கும் காலத்தில் சிறிய இடர் பேரிடராக முற்றிவிடுகின்றது.

முன்பு இருந்த ஏற்பாடு

பழைய ரப்பர்த் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. தாய் பால்மரம் வெட்டச் சென்றதும் ஆயா குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இவ்வேற்பாடுகளில் குறைகள் மிகுதி. எனினும் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் போவதற்கு வாய்ப்புக் குறைவாக இருந்தது.

சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. அவர்தம் மனைவியரும் மக்களும் ஆதரவற்று நின்றனர். போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946 இல் நம் நாட்டில் சமூகநல இலாகா தோற்றுவிக்கப்பட்டது. தனியொரு குடும்பம் தாங்கவொண்ணாத சுமையைப் பொதுவில் தாங்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆகவே அவ்விலாகாவை நாடுவது இரத்தல் ஆகாது. குடிமக்கள் தமக்கென அமைந்த ஒன்றைப் பயன்படுத்துவதே ஆகும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னர்ப் பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்தன. பழைய ஏற்பாடு தளர்ந்தது. அதன் இடத்தைப் பொதுச் சேவைகளே நிரப்ப வேண்டியுள்ளது.

எவ்வயதில் எவ்வுதவி

முதலாவது, ஆவணம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பின்னாளில் வேலையிலும் தொல்லை தொடரும். ஆவணமற்ற இந்தியர்களுக்கு உதவும் பொருட்டு 2011 ஆம் ஆண்டில் 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கம் நடத்தப்பட்டமையே இச்சிக்கலின் பரப்பைக் காட்டும். குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்தலும், 12 வயதில் அடையாள அட்டை எடுத்தலும் பெற்றோரின் முதற்கடமை.

இரண்டாவது, குழந்தைப் பராமரிப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ விடப்படும் பராமரிப்பு நிலையம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்பது 1984 ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தையை ஒப்படைக்குமுன் பதிவு உள்ளதா என்று கேட்டல் பெற்றோரின் உரிமை. பள்ளி வயதுக்கு முற்பட்ட சிறாருக்குக் கெமாஸ் பாலர் பள்ளிகளும் ஒற்றுமைப் பாலர் பள்ளிகளும் உள்ளன.

மூன்றாவது, பண உதவி. தந்தை இறந்தோ, நோயுற்றோ, பிரிந்து சென்றோ குடும்பம் நலிவுற்றால் சிறார் உதவித் தொகைக்கு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதிகாரி வீட்டு நிலையை விசாரித்து முடிவு செய்வார். வருவாய் ஈட்டுவோர் மறைந்த மறு மாதமே விண்ணப்பிப்பது நன்று. வீட்டுப் பொருள்களை அடகு வைத்துத் தீர்ந்த பின்னரே செல்லவேண்டும் என்பதில்லை.

பதின்ம வயதின் திருப்பம்

2003 ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகவே ஆறாம் ஆண்டு வரை பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியில் உள்ளனர். கவலை அதன்பின் தொடங்குகின்றது. தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் தெரிந்தவர். ஆசிரியர் தாய்மொழியில் பேசுவார். இடைநிலைப் பள்ளியோ பெரியது, பயிற்றுமொழி மலாய். புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு பயின்ற பின்னரே முதற்படிவம் செல்வோரும் உளர். இத்திருப்பத்தில் தடுமாறும் மாணவன் முதலில் வாரம் ஒருநாள் பள்ளிக்கு மட்டம் போடுகின்றான். பின்னர் பேருந்து நிலையத்தில் தங்குகின்றான். அங்கே அவனுக்குக் கூட்டாளிகள் கிடைக்கின்றனர்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில: காரணமின்றி வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தல், கையில் கணக்கற்ற பணம் புழங்குதல், உணவிலும் உறக்கத்திலும் திடீர் மாற்றம், வீட்டாரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுதல், ஒரு குறிப்பிட்ட பெரியவரைக் கண்டால் அஞ்சுதல். இவற்றைக் கண்டவுடன் அடிப்பதோ ஏசுவதோ பயனளிக்காது. பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பெற்றோர் நேரிற் சென்று காணவேண்டும். படிப்பில் நாட்டமில்லாத இளைஞருக்குக் கியாட்மாரா போன்ற கைத்தொழிற் பயிற்சி நிலையங்கள் உள்ளன என்பதையும் அவரிடம் கேட்டறியலாம்.

சட்டம் கூறுவது

2001 ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் சிறார் எனக் கொள்கின்றது. சிறாரைத் துன்புறுத்துவோருக்கு 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தகுந்த மேற்பார்வையின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வதும் குற்றமே.

பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்னும் அச்சத்துக்கு இச்சட்டத்திலேயே விடை உள்ளது. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை அதிகாரி அழைத்துச் சென்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறுவர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். முடிவு செய்வது நீதிமன்றம். பெற்றோரிடம் உறுதிமொழி பெற்றுக்கொண்டு பிள்ளையை அவர்களிடமே விடவும் அதற்கு அதிகாரம் உண்டு. எவ்வழியாயினும் பிள்ளையின் நலனே தலையாய நோக்கமாகக் கொள்ளப்படும்.

பிள்ளை குற்றஞ்செய்து நீதிமன்றம் சென்றாலும் இதே நோக்கம் தொடர்கின்றது. நீதிபதிக்குத் துணையாக இரு ஆலோசகர் அமர்வர். அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததன்று. பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது. தீர்ப்பளிக்குமுன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் ஆராய வேண்டும். வீட்டு நிலையை விசாரிக்க வரும் அவ்வதிகாரியிடம் பெற்றோர் உண்மையை மறைப்பது பிள்ளைக்கே கேடாக முடியும்.

சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கெனத் தனிச் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டது. அத்தகைய குற்றத்தை அறிந்தும் காவல் நிலையத்தில் தெரிவிக்காதவர் தண்டனைக்குரியவர். உறவினர், குடும்ப மானம் என்று மூடி மறைப்பதற்கு இனி இடமில்லை.

அவசர வேளையில் 'தாலியான் காசே' எனப்படும் 15999 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். இரவு பகல் 24 மணி நேரமும் அது இயங்குகின்றது. பிள்ளைகளே நேரடியாக அழைக்கலாம். ஆகவே அவ்வெண்ணை அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தல் வேண்டும்.

தோட்டச் சமூகத்தின் கடமை

தாயக நாடுகளின் தோட்டங்களிலும் இதே தேவை உணரப்பட்டது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பெண் தொழிலாளர் உள்ள தோட்டங்கள் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டுமென்று இந்தியாவின் 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் பிள்ளை மடுவங்கள், பயிற்சி பெற்ற பணியாளர் நடத்தும் சிறுவர் மேம்பாட்டு நிலையங்களாக வளர்ந்தன. பாட்டாளியின் பிள்ளையைப் பேணுதல் தருமம் அன்று, வேலையின் ஒரு கூறே என்னும் கொள்கை இவற்றில் விளங்குகின்றது.

நம் தோட்டங்களிலும் ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் ஆகியவை இதற்கெனப் பெருநிதி திரட்ட வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் பொறுப்பேற்று, மனுப் பாரங்களை நிரப்பித் தரலாம். தயங்கும் தாயுடன் அலுவலகத்துக்குத் துணை செல்லலாம். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டை மூன்றாம் நாளே சென்று பார்க்கலாம். அறிந்ததை ஊரெங்கும் பேசாமல் காத்தல் அவர்தம் முதல் ஒழுக்கமாக இருத்தல் வேண்டும். இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் துன்பப்படுவோர் வாய் திறப்பர்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடியிருப்பில் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைகள் உளரா?
2. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் சிறு குழந்தைகளை யார் கவனிக்கின்றனர்?
3. சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்த மாணவர் அனைவரும் இன்று பள்ளியில் உள்ளனரா? இல்லாதவர் வீட்டுக்கு யார் செல்வது?
4. மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குச் செல்லும் வழியும் நேரமும் உங்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?