அராபிகா காப்பி: தோற்றமும் இரகங்களும் சுவையும்

தமிழ்நாட்டில் ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, நீலகிரி, ஆனைமலை, கொல்லிமலை ஆகிய பகுதிகளில் காப்பி பயிரிடப்படுகிறது. மிளகு, மலைவாழை ஆகியவற்றோடு சேர்த்துச் சிறு விவசாயிகள் பலர் இதனைச் சாகுபடி செய்து வருகின்றனர். வணிக முறையில் பயிராகும் காப்பி இனங்கள் முக்கியமாக இரண்டு. அவை அராபிகா, ரொபஸ்டா என்பன. மணத்திலும் சுவையிலும் அராபிகா உயர்ந்தது. நோய்க்கு எளிதில் இலக்காவதும் அதுவே. இவ்விரு குணங்களும் ஏன் அமைந்தன என்பதை அறிந்துகொண்டால் இரகத் தேர்விலும், அறுவடைக்குப் பின் செய்ய வேண்டிய பணிகளிலும் தவறு நேராது.

தோற்றம்

அராபிகா என்ற பெயரைக் கொண்டு இதன் தாயகம் அரேபியா என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளே இதன் முக்கியத் தாயகம். அங்கு உயர்ந்த மரங்களின் நிழலில், குளிர்ந்த சூழலில் வளர்ந்த செடி இது. ரொபஸ்டாவும் யூஜினியாய்டிஸ் என்னும் மற்றொரு காட்டுக் காப்பி இனமும் இயற்கையில் கலந்ததால் அராபிகா தோன்றியது. ஆகவே மற்ற காப்பி இனங்களில் 22 குரோமோசோம்கள் இருக்க, இதில் 44 உள்ளன. இது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும்.

எத்தியோப்பியாவிலிருந்து செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டுக்குச் சென்ற இப்பயிர், அங்கேதான் முறையாகச் சாகுபடி செய்யப்பட்டது. 1670ஆம் ஆண்டளவில் மெக்கா சென்று திரும்பிய பாபா பூதன், ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூரை அடுத்த மலையில் நட்டார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்து ஜாவாவுக்குச் செடிகளைக் கொண்டு சென்றனர். ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும், பின்னர் அமெரிக்க நாடுகளுக்கும் காப்பி பரவியது.

இவ்வாறு ஒரு சில செடிகளிலிருந்தே உலகின் பெரும்பாலான அராபிகா தோட்டங்கள் பெருகின. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் என்பதால் ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் தாக்கும். 1869ஆம் ஆண்டில் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் அந்நாட்டுக் காப்பித் தோட்டங்களை அழித்தது. அதன்பின் அங்குத் தேயிலை இடம்பெற்றது.

இரகங்கள்

நம் நாட்டில் இரக ஆராய்ச்சி பெரும்பாலும் இலைத்துரு நோயை எதிர்த்தே நடந்து வந்துள்ளது. 1911ஆம் ஆண்டில் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்ட உரிமையாளர் தேர்ந்தெடுத்த 'கென்ட்ஸ்' இரகம் சில காலம் துருவைத் தாங்கியது. சுவையிலும் சிறந்து விளங்கியது. பின்னர் துருப் பூசணத்தில் புதிய வகைகள் தோன்றவே அதன் எதிர்ப்புச் சக்தி பயனற்றுப் போயிற்று.

அடுத்து வந்தது எஸ்.795. லைபீரிகா என்னும் இனத்தின் கலப்பால் வந்த எஸ்.288 செடியையும் கென்ட்ஸ் இரகத்தையும் இணைத்து, பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் இது உருவாக்கப்பட்டு, 1940களில் வெளியிடப்பட்டது. உயரமாக வளரும். சமச்சீரான, நல்ல சுவையுடைய கொட்டையைத் தரும். இன்று புதிய துரு வகைகள் இதையும் தாக்குகின்றன.

தைமூர் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து தோன்றிய செடி, எதிர்ப்புச் சக்தி தரும் தாய்வழியாகப் பயன்பட்டது. அதன் வழிவந்தவை காவேரி, தேர்வு 9, சந்திரகிரி ஆகிய இரகங்கள். தேர்வு 9 எத்தியோப்பியாவின் டஃபரிகேலா இரகத்தோடு இணைத்து உருவாக்கப்பட்டது. குட்டை இரகமான சந்திரகிரி 2007இல் வெளியிடப்பட்டது. காவேரி இரகம் தொடக்கத்தில் துருவை எதிர்த்து நின்று, பின்னர் நோய்க்கு உட்பட்டது. எனவே எந்த இரகமும் என்றென்றும் நோய் தாங்கும் என்று நம்பி மருந்தடிப்பை நிறுத்திவிடக் கூடாது. பருவமழைக்கு முன்னும் பின்னும் 0.5 சத போர்டோக் கலவையை இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது அவசியம்.

சுவை எங்கிருந்து வருகிறது?

ரொபஸ்டாவில் உள்ள காஃபீனில் ஏறத்தாழப் பாதிதான் அராபிகாவில் உள்ளது. சர்க்கரையும் எண்ணெய்ச் சத்தும் அராபிகாவில் கூடுதலாக இருக்கும். ஆகவே கசப்புக் குறைந்து, மணமும் இலேசான புளிப்பும் மேலோங்கும். கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயரமுள்ள குளிர்ந்த இடங்களில் பழம் மெதுவாகப் பழுப்பதால் கொட்டை கெட்டியாகி, சுவை கூடும். நிழல் மரங்களும் இதற்கு உதவுகின்றன. வெயில் அதிகம் படும் தோட்டத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தொல்லையும் மிகும். எனவே மரங்களை அளவுக்கு மீறிக் கழிக்க வேண்டாம்.

இரகமும் உயரமும் தரும் சுவையை நாம் களத்தில் கெடுத்துவிடலாம். அராபிகாவில் ஒரு கிலோ சுத்தமான கொட்டைக்குச் சுமார் 6 கிலோ பழம் வேண்டும். இவ்வளவு பழத்தைப் பறித்த உழைப்பு வீணாகாமல் இருக்கக் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. நன்கு சிவந்த பழங்களை மட்டும் பறிக்க வேண்டும். கிளையை உருவிப் பறித்தால் பச்சைக் காய்களும் கலந்து, காப்பி துவர்க்கும்.

2. பறித்த அன்றே தோலுரிக்க வேண்டும். நீரில் மிதக்கும் பழங்களைத் தனியே நீக்க வேண்டும்.

3. வழுவழுப்பு நீங்க 24 முதல் 36 மணி நேரம் புளிக்க விட்டு, சுத்தமான நீரில் கழுவ வேண்டும். அதிகம் புளித்த கொட்டைகள் சில கலந்தாலும் முழுச் சரக்கும் நாற்றமடிக்கும்.

4. வெறும் மண்ணில் உலர்த்தினால் மண் வாடை ஏறும். சிமெண்டுக் களத்தில் அல்லது சுத்தமான விரிப்பில் பரப்பி, அடிக்கடி கிளறி, இரவில் மூடி வைக்க வேண்டும். ஈரம் 10 சதத்திற்கு வரும்வரை உலர்த்த வேண்டும்.

5. உரம், பூச்சி மருந்து உள்ள அறையில் மூட்டைகளை அடுக்கக் கூடாது. காப்பி பிற வாடையை எளிதில் ஈர்க்கும்.

தோலுரிக்கும் இயந்திரம் இல்லாதவர்கள் பழத்தை முழுதாக உலர்த்தி விற்கலாம். அப்போதும் பழுத்த பழம், சுத்தமான களம் என்ற இரு விதிகளும் மாறா.

புதிதாக நடுவோர், பக்கத்துத் தோட்டத்துக் கலப்பு விதையை நம்பாமல், திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியில் உள்ள மண்டலக் காப்பி ஆராய்ச்சி நிலையத்தை அணுகித் தம் மலைக்கேற்ற இரகம் பற்றிக் கேட்டறிவது நல்லது. நல்ல மகசூல் தரும் எஸ்.795 செடிகள் உள்ளோர் அவற்றை ஒரே மூச்சில் பிடுங்கிவிட வேண்டியதில்லை. நலிந்த செடிகளை மட்டும் நீக்கி, படிப்படியாகப் புதிய இரகத்தை நடலாம். எந்த இரகமாயினும், பழுத்த பழத்தைப் பறிக்கும் கையும் சுத்தமான களமும்தான் அதன் சுவைக்கு விலை பெற்றுத் தரும்.