தலைப்பிறை பெரிதாகத் தெரிந்தால்...

ரமலான் தலைப்பிறை கண்ட இரவில் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "பிறை இவ்வளவு பருமனாக இருக்கிறதே! மஃரிபு தொழுது வெகுநேரமாகியும் மறையவில்லையே! இது இரண்டாம் பிறையாகத்தான் இருக்க வேண்டும். நமக்கு ஒரு நோன்பு போய்விட்டது" என்று ஒருவர் சொல்லிவிடுவார். அதைக் கேட்டு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கலங்கிப்போவார்கள். களா நோன்பு நோற்க வேண்டுமா என்று மறுநாளே கேட்டு வருபவர்களும் உண்டு.

இந்தச் சந்தேகம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தாபியீன்களில் ஒருவரான அபுல் பக்தரீ (ரஹ்) அவர்கள் உம்ராவுக்குப் புறப்பட்ட கூட்டத்தில் இருந்தார்கள். வழியில் பத்னு நக்லா என்னுமிடத்தில் பிறை தென்பட்டது. அது மூன்றாம் பிறை என்று சிலரும், இரண்டாம் பிறை என்று சிலரும் கூறினர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் விஷயத்தைச் சொன்னபோது, எந்த இரவில் கண்டீர்கள் என்றே அவர்கள் கேட்டார்கள். பார்ப்பதற்காக அல்லாஹ் பிறையை நீட்டி வைத்திருக்கிறான், கண்ட இரவுக்கே அது உரியது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆகவே பிறையின் பருமன் மார்க்கத்தில் ஆதாரமாகாது. அது ஏன் அப்படித் தெரிகிறது என்பதை ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஹிஜ்ரி 1445 ரமலானை எடுத்துக்கொள்வோம். பார்க்கும் இடம் மீமிசல் என்று வைத்துக்கொள்வோம். 2024 மார்ச் 10 பிற்பகல் இரண்டரை மணிக்குச் சூரியனும் சந்திரனும் ஒரே நேருக்கு வந்தன. அமாவாசை என்பது இந்தக் கணமே. மீமிசலில் அன்று சூரியன் மறைந்தது சுமார் 6 மணி 24 நிமிடத்துக்கு. நாலு மணி நேரம்கூட ஆகாத பிறையை எந்தக் கண்ணாலும் காண முடியாது. மறுநாள் மாலைக்குள் அதற்கு ஏறத்தாழ 28 மணி நேரமாகிவிட்டது. போதாததற்கு அந்நாள்களில் சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வந்திருந்தது. அண்மையில் வரும்போது அது விரைந்து நகரும். எனவே 11ஆம் தேதி மாலை சூரியன் மறைந்த பின்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிறை மேற்கே நின்றது. தமிழகத்தில் 12ஆம் தேதி முதல் நோன்பு. முந்தைய மாலை காணவே முடியாதிருந்த பிறைதான் மறுமாலை இப்படிப் பருத்து நின்றது. இதில் எந்த நோன்பு போயிற்று?

அதன்பின் சந்திரன் நாளொன்றுக்குச் சராசரி 50 நிமிடம் பிந்திப் பிந்தி உதித்தது, மறைந்தது. 17ஆம் தேதி பாதிச் சந்திரன். அது நண்பகலையொட்டி உதித்து, மாலையில் உச்சியில் நின்று, தராவீஹ் முடிந்து வீடு திரும்புகையில் மேற்கே சாய்ந்திருக்கும். 25ஆம் தேதி, அதாவது நோன்பு 14 அன்று, பௌர்ணமி. மேற்கே சூரியன் மறைந்து சற்று நேரத்தில் கிழக்கே பாக் நீரிணையிலிருந்து முழுநிலா எழும் நாள் அது. மற்ற மாதங்களில் 13, 14, 15 ஆகிய நாள்களில் நாம் நோற்கும் அய்யாமுல் பீள் சுன்னத் நோன்பு இந்த வெள்ளை இரவுகளின் பெயராலேயே வழங்குகிறது. ஏப்ரல் 2ஆம் தேதி மீண்டும் பாதி. இப்போது உதயம் நள்ளிரவுக்குப் பிறகு. ஸஹருக்கு அடுப்பு மூட்டும் பெண்களே பெரும்பாலும் இதைக் காண்பவர்கள். 7ஆம் தேதி சுபுஹு நேரத்தை ஒட்டிக் கடல்மேல் எழுந்தது மெல்லிய கீற்று. யாசீன் சூராவின் 39ஆவது வசனம் பிறையைப் பழைய பேரீச்சங்குலைக் காம்புக்கு ஒப்பிடுவதன் அழகு இந்தக் கீற்றைப் பார்த்தவருக்கே விளங்கும்.

அடுத்த அமாவாசைக் கணம் ஏப்ரல் 8 இரவு 11 மணி 51 நிமிடம். 9ஆம் தேதி மாலை பிறைக்கு வயது பதினெட்டரை மணி. கேரளத்தில் பிறை காணப்பட்டு 10ஆம் தேதி பெருநாள் கொண்டாடினார்கள். தமிழகத்தில் தென்படவில்லை. நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்பட்டு 11ஆம் தேதி பெருநாளாயிற்று. கோழிக்கோட்டில் சூரியன் மீமிசலைவிடச் சுமார் 13 நிமிடம் பிந்தி மறைகிறது. அதற்குள் பிறை வளர்வது மிகச் சொற்பமே. இத்தகைய மாலைகளில் அடிவான மேகமும் தூசியுமே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கின்றன. தென்படாவிட்டால் முப்பதாக்குங்கள் என்பதே நபி (ஸல்) அவர்களின் கட்டளை. ஆகவே 10ஆம் தேதி மாலை நாற்பத்திரண்டு மணி வயதில், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நின்ற பிறை நமக்கு ஷவ்வாலின் முதற்பிறைதான்.

கேரளத்தவர் செய்ததைக் குறை கூறவும் இடமில்லை. ஷாமில் வெள்ளி இரவு பிறை கண்டுவிட்டு மதீனா வந்த குரைப் (ரஹ்) அவர்களிடம், நாங்கள் சனி இரவுதான் கண்டோம், எங்கள் கணக்குப்படியே நோற்போம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதும் முஸ்லிமில் உண்டு. தூரத்து ஊர்களுக்கு உதய வேறுபாட்டை ஷாபி மத்ஹபினர் கவனிப்பர். ஓரிடத்துப் பிறை மற்ற இடங்களுக்கும் போதும் என்பது ஹனபி மத்ஹபின் பிரபலமான கருத்து. இரண்டுமே இமாம்களின் வழிதான். இதற்காக ஒரே தெருவில் சலாம் சொல்லாமல் போவதற்கு எந்த மத்ஹபிலும் ஆதாரம் கிடையாது.

பார்க்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைப்பிறை பார்க்கப் பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடுகிறார்கள். மேற்குக் கரையில் உள்ளவர்களுக்கு அது சரி. மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் கடல் கிழக்கே அல்லவா இருக்கிறது! இங்கே கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாலன்றிப் பிறை தெரியாது. பனைமரமும் கருவேலும் மறைக்காத கண்மாய்க் கரையோ மொட்டை மாடியோ நல்லது. சூரியன் இறங்கிய இடத்தை ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறை அந்த இடத்துக்கு மேலேயோ சற்றுப் பக்கத்திலோதான் இருக்கும். அந்த இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றாயிராது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஏறக்குறைய நேர் மேற்கு. ஜூன் கடைசியில் அதிலிருந்து 23 பாகைக்கு மேல் வடக்கே தள்ளும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. கையை நீட்டி மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. இரண்டரை முட்டி அளந்து பார்த்தால் இடம் பிடிபட்டுவிடும்.