திரையில் பச்சை காணாமற் போனால்

கேள்வி: ஐயா, நான் நெடுந்தீவிலிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். அண்ணா தந்த பழைய மொனிற்றர் கொஞ்ச நாளாகக் கத்தரிப்பூ நிறத்தில் தெரிகிறது. கேபிளை அசைத்தால் சரிவரும். கையை விட்டால் திரும்பவும் அதே நிறம். முனையைக் கழற்றிப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு ஊசி வளைந்திருக்கிறது. நடு வரிசையில் ஒன்று இல்லவே இல்லை. கேபிள் மொனிற்றரோடு சேர்ந்தே வருகிறது, தனியாகக் கழற்ற முடியாது. வீட்டிலேயே திருத்தலாமா?

பதில்: திருத்தலாம், பிள்ளை. மொனிற்றரைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போகுமளவுக்கு இது பெரிய பழுதில்லை. ஆனால் கத்தியை இப்போதே கையில் எடுக்க வேண்டாம். பலர் முதல் வேலையாகக் கேபிளை வெட்டிவிடுகிறார்கள். பிறகு எந்த வயர் எங்கே போனது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

உங்களுடையது வி.ஜி.ஏ. முனை. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்தாக 15 இடங்கள். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி முனையை உங்களை நோக்கிப் பிடியுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து 1, 2, 3 ஆகியவை முறையே சிவப்பு, பச்சை, நீலம். பச்சை வராவிட்டால் வெள்ளைத் திரை கத்தரிப்பூ நிறமாகும். நீலம் வராவிட்டால் மஞ்சளாகும். சிவப்பு வராவிட்டால் நீலப்பச்சையாகும். ஆகவே உங்கள் வளைந்த ஊசி இரண்டாவதாக இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். இனி, இல்லாத ஊசி. அது நடு வரிசையில் இடமிருந்து நான்காவது என்றால் 9ஆம் இலக்கம். பல கேபிள்களில் அந்த இடம் தொழிற்சாலையிலேயே வெறுமையாக விடப்படும். அது உடைந்ததல்ல, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கணனி, மொனிற்றர் இரண்டின் மின்சாரத்தையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஊசிகளின் அடியில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் உப்புக்காற்று இதைத்தான் செய்யும். மருந்துக்கடையில் வாங்கும் ஐசோபுரோபைல் அல்கஹோலில் பழைய பற்தூரிகையை நனைத்து மெதுவாகத் தேய்த்துக் காயவிடுங்கள். மண்கடதாசியால் உரஞ்சக் கூடாது. ஊசியின் மேற்பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். தேங்காய் எண்ணெயும் பெற்றோலும் வேண்டவே வேண்டாம்.

வளைந்த ஊசியை நிமிர்த்தக் குறடு முரடான சாமான். குச்சி மாற்றி எழுதும் பென்சிலின் வெறும் முனைக்குள் ஊசியின் நுனியை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நேராக்குங்கள். முனை சிறிதாக இருந்தால் மெல்லிய சாவணம் போதும். ஊசி நேரானதும் நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்ப வளைத்தால் உலோகம் களைத்து முறிந்துவிடும்.

அதன் பிறகும் நிறம் போய்வந்தால் ஒரு மல்டிமீற்றர் வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். மொனிற்றரின் மின்சாரம் கழற்றியபடியே, ஓம் அளவில் வைத்து 1க்கும் 6க்கும் இடையில் அளந்து பாருங்கள். பெரும்பாலான மொனிற்றர்களில் 75 ஓம் அளவில் காட்டும். 2–7, 3–8 இரண்டும் அப்படியே. 2–7 மட்டும் ஒன்றும் காட்டாவிட்டால், அல்லது முனையின் கழுத்தை வளைக்கும்போது எண் துள்ளினால், பச்சை வயர் உள்ளே அறுந்திருக்கிறது. எண் அசையாமல் நின்றால் கேபிள் நல்லது. கணனிப் பக்கத்துத் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

அறுந்தது உறுதியானால்தான் வெட்டு. யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லி, ஈயம் வைக்கிற குழியுள்ள 15 ஊசி வி.ஜி.ஏ. ஆண் முனையும் அதன் கூடும் எடுப்பியுங்கள். பழைய முனையை வெட்டும்போது அதோடு இரண்டு அங்குல வயரை விட்டு வெட்டுங்கள். அந்தத் துண்டுதான் உங்கள் வரைபடம். சிவப்பு, பச்சை, நீல வயர்கள் மூன்றும் தடிப்பானவை. ஒவ்வொன்றையும் சுற்றித் தனி வலைக்கம்பி இருக்கும். அந்த வலைகள் முறையே 6, 7, 8க்குப் போகும். அவற்றைச் சேர்க்காமல் விட்டால் எழுத்துகளுக்குப் பக்கத்தில் நிழல் விழும். மற்ற மெல்லிய வயர்களின் நிறம் கம்பனிக்குக் கம்பனி வேறு. வெட்டிய துண்டில் எந்த ஊசிக்கு எந்த நிறம் என்று மீற்றரால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

கைதேர்ந்தவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஈயம் வைப்பது முனையின் பின்பக்கத்தில். பின்னாலிருந்து பார்த்தால் இலக்கங்கள் வலமிருந்து இடமாகத் திரும்பிவிடும். சோல்டரிங் அயனைச் சூடாக்க முன்னரே 1ஆம் குழிக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள்.

கூட்டையும் சுருங்கும் உறைகளையும் வயரில் முதலே கோத்துக்கொள்ளுங்கள். புது முனையைப் பாவிக்காத ஒரு வி.ஜி.ஏ. துளையில் செருகி வைத்துக்கொண்டு வேலை செய்தால், பிளாஸ்ரிக் இளகினாலும் ஊசிகள் இடம் மாறா. ஒரு குழிக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு காட்ட வேண்டாம். முடிந்ததும் பக்கத்துப் பக்கத்து ஊசிகள் ஒன்றோடொன்று முட்டவில்லை என்று மீற்றரில் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். செருகியதும் இரு பக்கத் திருகாணிகளையும் கையால் இறுக்குங்கள். துருப்பிடித்துவிட்டதென்று திருகாமல் தொங்கவிடுவதால்தான் பாதி ஊசிகள் வளைகின்றன.

நயினாதீவிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் இதே மாதிரிக் கேட்டவர்களுக்கும் இது பொருந்தும். எச்.டி.எம்.ஐ. முனைக்கு மட்டும் பொருந்தாது. அதன் 19 தொடுகைகளை வீட்டில் ஈயம் வைத்துச் சரிசெய்ய முனைவது வீண்வேலை, புதுக் கேபிள் வாங்குங்கள். பழைய குழாய்த் திரை மொனிற்றர் என்றால் கேபிள் முனையோடு நில்லுங்கள், பெட்டியைத் திறக்கவே கூடாது. மின்சாரம் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். சாதாரண ஈயக்கம்பியில் பத்தில் நாலு பங்கு உண்மையிலேயே ஈயம். வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.