ஒரே பாதையில் குரலும் தரவும்

பழைய தொலைபேசி முறையில் ஓர் அழைப்புக்கென்று ஒரு பாதை முழுமையாக ஒதுக்கப்பட்டது. பாதைகள் நிரம்பிவிட்டால் புதிதாக அழைப்பவருக்கு 'என்கேஜ்' ஒலிதான் கேட்கும். எத்தனை அழைப்புகளுக்கு எத்தனை பாதைகள் போதும் என்பதற்கு டென்மார்க்கின் ஏர்லாங் 1917 இல் ஒரு சூத்திரமே தந்தார்.

இணையத்தில் அத்தகைய ஒதுக்கீடு பொதுவாக இல்லை. குரல், படம், பாடக்கோப்பு யாவும் சிறு பொதிகளாக்கப்பட்டு ஒரே வரிசையில் நிற்கின்றன. இடமில்லை என்று எவரையும் திருப்பி அனுப்பாமல், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எல்லோரையும் பிந்தவைக்கும் பஸ் போன்றது அது.

கோப்புக்குத் தாமதம் பெரிதல்ல. ஆனால் ஒரு பிட்டும் குறையக்கூடாது. தொலைந்த பொதி மீண்டும் அனுப்பப்படும். குரலோ நேர்மாறு. ஓரிரு பொதிகள் தொலைந்தால் காது பொறுத்துக்கொள்ளும்; பிந்தி வந்த பொதியால் பயனில்லை. ஒரு திசையில் 150 மில்லிசெக்கனுக்குள் குரல் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்துவார்கள். கட்டாரிலிருந்து வாப்பா எடுக்கும் அழைப்பில் பாதி நேரம் "கேக்குதா?" என்பதிலேயே கழிய இதுவும் ஒரு காரணம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம் செக்கனுக்கு 10 இலட்சம் பிட் என்க. 1500 பைட் பொதியொன்று வெளியேற 12 மில்லிசெக்கன் வேண்டும். மகள் செயற்றிட்ட வீடியோவைப் பதிவேற்றுகிறாள். 50 பொதிகள் வரிசையில். அவற்றின் பின்னால் நிற்கும் உம்மாவின் குரற்பொதி 600 மில்லிசெக்கன் காத்திருக்கும். வாப்பாவின் குரல் இங்கே தெளிவாகக் கேட்கும்; உம்மாவின் குரல்தான் அங்கே பிந்தும். தொலைபேசியைக் குறைசொல்வது வீண்.

அதே குரற்பொதியை வரிசையின் முன்னால் விட்டால்? வெளியேறிக்கொண்டிருக்கும் ஒரு பொதி முடியும்வரை, கூடினால் 12 மில்லிசெக்கன். வேகமும் கூடவில்லை, மாதக் கட்டணமும் கூடவில்லை. வீடியோவுக்கும் பெரிய நட்டமில்லை: 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை 200 பைட் பொதி அனுப்பும் அழைப்புக்குச் செக்கனுக்கு 80,000 பிட், நூற்றுக்கு எட்டுத்தான். (அந்த 200 பைட்டில் 40, முகவரி முதலிய தலைப்புகள், கடித உறைக்கே ஐந்திலொரு பங்கு!)

பல ரவுட்டர்களில் இம்முன்னுரிமையை அமைக்க இடமுண்டு. இல்லாத வீட்டில் அழைப்பு முடியும்வரை பதிவேற்றத்தை நிறுத்திவைக்கலாம். ஆனால் இவை சீராக்குவது நம் வாசலில் நிற்கும் வரிசையை மட்டுமே. கடல் கடந்து செல்லும் வழியிலுள்ள மற்ற வரிசைகள் நாம் இட்ட முன்னுரிமைக் குறியை மதிக்கவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.