தூங்கவைப்பது எளிது, எழுப்புவதுதான் பாடு

மூடிவைத்த லேப்டாப்பைத் திறந்ததும் திரை வந்துவிடுகிறது, நெட்வொர்க் மட்டும் வருவதில்லை. லினக்ஸில் இப்படி நடந்தால் முதல் பழி நெட்வொர்க் கார்டின் டிரைவர்மேல் விழும். பல நேரம் அது நியாயமும்கூட.

பிசிஐ சாதனத்துக்கு டி0 முழு விழிப்பு, டி3 ஆழ்ந்த தூக்கம். டி3யிலும் இரண்டு வகை உண்டு: மின்சாரம் இருக்கும்போதே தூங்குவது டி3ஹாட், மின்சாரமே அறுந்துபோவது டி3கோல்ட். டிரைவர் எழுதுபவர் இரண்டாவதை எதிர்பார்த்தே எழுத வேண்டும்.

நெட்வொர்க் கார்டையே எடுத்துக்கொள்வோம். சஸ்பெண்ட் அழைப்பு வந்ததும் முதலில் புதுப் பாக்கெட்டுகளை வாங்குவதை நிறுத்த வேண்டும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் டிஎம்ஏ அடங்கும்வரை காத்திருந்து, கார்டின் இன்டரப்ட்டை அணைக்க வேண்டும். இன்டரப்ட் லைனை வேறொரு சாதனத்தோடு பகிர்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்தச் சாதனத்தின் இன்டரப்ட்டுக்கு நம் டிரைவரும் அழைக்கப்படும்; அப்போது தூங்கும் கார்டின் ரெஜிஸ்டரைப் படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாகவே திரும்பும். அதை நிஜ இன்டரப்ட் என்று நம்பிய டிரைவர் கெட்டது. டி3க்குத் தள்ளும் வேலையை கர்னலின் பிசிஐ கோர் பார்த்துக்கொள்ளும், டிரைவர் அதில் கைவைக்கத் தேவையில்லை. பிள்ளைச் சாதனம் முதலில், தாய்ச் சாதனம் பிறகு என்ற வரிசையும் கர்னலின் பொறுப்பு.

ரெஸ்யூமில்தான் ஏமாற்றம். பிசிஐ கோர் திருப்பித் தருவது கான்ஃபிக் பகுதியை மட்டுமே. மேக் முகவரி, ஃபில்டர்கள், ரிங் முகவரிகள் எல்லாவற்றையும் டிரைவரே மறுபடி எழுத வேண்டும். டி3ஹாட்டில் பழைய மதிப்புகள் சில கார்டுகளில் தப்பிப் பிழைத்துவிடும் என்பதால், எழுதியவர் மேசையில் இதை மறந்த பிழை தலைகாட்டாமலே போகலாம்.

மெஷின் ஓடும்போதே சும்மா கிடக்கும் சாதனத்தைத் தூங்கவைக்கும் ரன்டைம் பிஎம், 2009இல் 2.6.32 கர்னலோடு வந்தது. அதில் எல்லாமே கணக்கு: டிரைவர் சாதனத்தைப் பயன்படுத்த எடுத்தால் எண்ணிக்கை ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் தோற்றுப்போனாலும் எண்ணிக்கையைக் கூட்டியே வைத்துவிடும். அதைக் குறைக்க மறந்த டிரைவர்கள் ஏராளம். 5.10 பதிப்பில் வந்த பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் தோல்வியில் தானே குறைத்துக்கொள்கிறது. புதிய டிரைவருக்கு அதுவே போதும்.

சஸ்பெண்டைச் சோதிக்க, பிஎம் டீபக் சேர்த்து பில்ட் செய்த கர்னல் வேண்டும். பிஎம்_டெஸ்ட் கோப்பில் டிவைசஸ் என்று எழுதிவிட்டு சஸ்பெண்ட் செய்தால் சாதனங்கள் மட்டும் தூங்கி, வழக்கமாக 5 நொடியில் எழும். அதில் தேறிய பிறகே முழுத் தூக்கம்.

அப்படியும் மெஷின் எழாமல் உறைந்தால், எக்ஸ்86இல் பிஎம்_டிரேஸ் உண்டு. கடைசியாகத் தொட்ட சாதனத்தின் அடையாளத்தை அது கடிகாரச் சிப்பில் எழுதிவைக்கும். ரீபூட் செய்ததும் கர்னல் லாகில் பெயரைத் தேடலாம். தேதியும் நேரமும் கன்னாபின்னாவென்று மாறியிருக்கும், கையோடு திருத்திவிட வேண்டும்.