குலசைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பழைய டிஎஸ்எல்ஆரைக் கொடுத்துவிட்டு மிர்ரர்லெஸ் வாங்கலாமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இந்தக் காலத்தில் பிரிண்ட் எடுப்பது வீண் செலவுதானே என்று நாலு வரி. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் குலசை போகிறேன், வேஷம் கட்டியவர்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா என்பது பின்குறிப்பில் ஒரே வரி. என் பதிலில் இந்த அளவு தலைகீழாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

கேமராவை முதலில் முடித்துவிடுவோம். உன்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல். அதாவது ஒரு படம் 6000க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 20 அங்குல நீளத்துக்கு மாசுமருவில்லாத பிரிண்ட் வரும். நம் ஊர் லேபில் 12க்கு 18 கேட்பவர்களே குறைவு. 8க்கு 12 போதுமென்றால் 6 மெகாபிக்சலே தாங்கும். ஆகவே, படம் தெளிவாக இல்லை என்று நீ வருத்தப்படுவதற்குக் காரணம் மெகாபிக்சல் இல்லை. நீ அனுப்பிய ஆறேழு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதியில் ஷட்டர் வேகம் போதவில்லை, கை அசைந்திருக்கிறது. மீதியில் ஃபோகஸ் கண்ணில் விழாமல் காதில் விழுந்திருக்கிறது. புதுக் கேமராவின் கண்தேடும் ஃபோகஸ் இரண்டாவதைச் சரிசெய்யும், உண்மைதான். முதலாவதை அதுவும் முழுக்கச் சரிசெய்யாது. கேமரா நம் கை நடுக்கத்தை ஈடுகட்டலாம், எதிரே ஆடுகிறவரை நிறுத்திவைக்க முடியாது.

இன்னொரு விஷயம். புதிய டிஎஸ்எல்ஆர் மாடல்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. எல்லோரும் மாறிக்கொண்டிருப்பதால் அந்த வகை லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. இருக்கிற கேமராவுக்கு 50 எம்எம், 1.8 அப்பெர்ச்சர் லென்ஸ் ஒன்று வாங்கு. உன் கேமராவின் சென்சார் சின்னது என்பதால் அது 75 எம்எம் போல நடந்துகொள்ளும். முகங்களுக்கு அளவான தூரம். குலசை ராத்திரி வெளிச்சத்தில் உன் கிட் லென்ஸைவிட மூன்று மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். வாங்கும்போது லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. என்ன விலை சொன்னாலும் வேண்டாம். நம் கடலோரக் காற்றுக்கு அது எல்லா லென்ஸையும் தேடி வரும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துக்கொள். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதே. ஒரு லென்ஸோடு போ, ஒரு லென்ஸோடு வா.

கருவி கருவி என்று அலைகிறவர்களிடம் நான் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்வதுண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர், நாவலாசிரியர் மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட ஒரு கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்துக்கொண்டு, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருக்குத் தெரிந்திருந்தது யானையை.

உனக்குத் தெரிய வேண்டியது ஒளிமானியின் குணம். கேமராவின் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத் தெரியும், அவ்வளவுதான். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நிற்கிறார் என்று வை. மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு ஒளியைக் குறைக்கும். வேட்டி அழுக்காகும், அவருடைய கறுத்த முகம் இருட்டில் போகும். அங்கே எக்ஸ்போஷரை ஒன்று கூட்டு. ராத்திரியில் இதற்கு நேர் எதிர். படத்தில் முக்கால்வாசி இருட்டு, நடுவில் சீரியல் லைட்டு விழும் ஒரு முகம். மீட்டர் இருட்டைப் பகலாக்கப் பார்க்கும், முகத்துச் சாயம் வெந்து வெளுத்துவிடும். அங்கே ஒன்று குறை. ரா ஃபைலாகவே எடு. ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் வைத்திருக்கும். 14 பிட் ராவில் 16,384. கறுத்த தோலில் கன்னத்துக்கும் தாடைக்கும் நடுவே இருக்கும் நிழலின் ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தப் படிகளில்தான் இருக்கிறது.

அந்த நிழலைத்தான் நம் ஆட்கள் முதலில் துடைத்தெறிகிறார்கள். கோடாக் கம்பெனி பல பத்தாண்டுகள் லேப்களுக்கு அனுப்பிய வண்ண ஒப்பீட்டு அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். அந்த அட்டை போய்விட்டது, அதன் புத்தி நம் ஸ்டுடியோக்களில் தங்கிவிட்டது. லேபில் ‘ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க, ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே அடிங்க’ என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால், உன் அம்மாவை இரண்டு சாயல் வெளுக்கடித்துத்தான் தருவார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்ற நம்பிக்கையில். நீ சந்தோஷப்படாதே.

பிரிண்டுக்கு வந்துவிட்டேன். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் காகித நெகட்டிவில் எடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றும் அதைப் பார்க்கலாம், எழுத்தைப் படிக்கலாம். உன் பழைய போனில் இருந்த காலேஜ் டூர் படங்கள் எங்கே? இதற்கு மேல் இந்த வாதத்தை நீட்ட விரும்பவில்லை.

பிரிண்ட் எடுக்கச் சொல்வதற்கு எனக்கு வேறு காரணம் இருக்கிறது. நம் ஊரில் வயதானவர்களைப் படம் எடுத்தால், ‘நல்லா எடுப்பா, மாலை போடுறதுக்கு ஆகும்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்புக்காகச் சொல்வதில்லை. எத்தனை வீட்டில், ஆச்சி போன அன்று ராத்திரி, யார் போனிலாவது படம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள் தெரியுமா? கடைசியில் யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் பந்தியில் பின்னால் நின்ற ஆச்சியின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, புடவை கட்டிய வேறு உடம்பை ஒட்டி, நீலப் பின்னணி போட்டு, விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துவிடுகிறார்கள். நீ தெருவில் எடுத்துத் தள்ளும் முகங்களில் பாதிப் பேருக்குத் தங்களுடைய நல்ல படம் ஒன்று வீட்டில் கிடையாது. உன்னிடம் இருக்கிறது, ஹார்ட் டிஸ்கில்.

ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொள். யாரை நின்று நிதானமாக எடுக்கிறாயோ, அவருக்கு ஒரு 4க்கு 6 பிரிண்டாவது போய்ச் சேர வேண்டும். லேபில் மேக்சி சைஸ் என்று கேட்டால் தெரியும், செலவு ஒரு டீக்கும் வடைக்கும் ஆவதுதான். மறுபடி அதே ஊருக்குப் போகும்போது கையில் கொண்டு போ. முகவரி கேட்கக் கூச்சமாக இருந்தால் தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்தால்கூடப் போய்ச் சேரும்.

சில நடைமுறை விஷயங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக லேபுக்கு அனுப்பாதே, கசக்கிப் பிழிந்து அனுப்பிவிடும். பென் டிரைவில் கொண்டு போ. கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி. ராத்திரி இருட்டறையில் லேப்டாப் வெளிச்சத்தை முழுக்க வைத்துத் திருத்திவிட்டு, பிரிண்ட் கறுப்பாக வந்ததென்று லேப்காரரோடு சண்டை போடாதே. திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுத் திருத்து. பெரிய பிரிண்டுக்கு முன்னால் அதே படத்தைச் சின்னதாக அடித்து, கடையின் டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார். 8க்கு 10 கேட்டால் உன் கேமராப் படத்தின் நீளம் வெட்டுப்படும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் மாமா பாதியாகிவிடுவார். 8க்கு 12 கேள். ஃபிரேம் போடும்போது கண்ணாடி பிரிண்டைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் வைக்கச் சொல். நம் மழைக்கால ஈரத்தில் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. புள்ளி புள்ளியாக மேடுவைத்த லேமினேஷனைப் பற்றி நான் சொல்ல நினைப்பதைக் கடிதத்தில் எழுத முடியாது.

இனி குலசை. நீ போகப்போவது ஒரு நேர்த்திக்கடன் நடக்கும் இடத்துக்கு. காளி வேஷம் போடுகிறவர் காப்புக் கட்டி, விரதமிருந்து, வீடு வீடாகத் தர்மம் எடுத்து, அந்தக் காசை முத்தாரம்மன் உண்டியலில் சேர்க்க வருகிறார். சடையும் கிரீடமும் ஏகப்பட்ட கைகளும் சேர்ந்து பெரிய பாரம். அவருக்கு முன்னால் பத்துப் பேர் கேமராவோடு மண்டியிட்டு, ‘அண்ணே, நாக்க நீட்டுங்க’, ‘அக்கா, சூலத்தத் தூக்குங்க’ என்று கத்துவார்கள். நீ அந்தப் பதினோராவது ஆள் ஆகாதே. எடுக்கலாமா என்று கேட்பது மரியாதையில் சின்னப் பகுதிதான். இப்படி நில், அப்படிப் பார் என்று ஏவாமல் இருப்பது பெரிய பகுதி. அவர் அன்று யாருக்காக வேஷம் கட்டியிருக்கிறாரோ அவள் உனக்குப் பின்னால் கோயிலில் இருக்கிறாள், நீ வழியில் நிற்கிறாய்.

கேட்டுத்தான் எடுக்க வேண்டுமா என்றாய். கூட்டம் போகிறது, மேளம் அடிக்கிறது, முழுக் காட்சியை எடுக்கிறாய்: யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு முகத்தை மட்டும் பிரித்து எடுக்கப் போகிறாய் என்றால் கண்ணைப் பார். வாயால் கேட்க நேரமில்லாவிட்டாலும் கேமராவைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினால் பதில் முகத்தில் வந்துவிடும். வேண்டாமென்று தலையசைத்தால் கேமராவை இறக்கு. தூர லென்ஸ் இருக்கிறதே என்று மறைந்து எடுக்காதே. அருள் வந்து ஆடுகிறவர் முகத்தில் ஃப்ளாஷ் அடிக்காதே. அவரால் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. வீட்டுத் திண்ணையில் வேஷம் போட்டுக்கொள்ளும் இடம் ரொம்ப அழகாக இருக்கும், எனக்கும் தெரியும். அங்கே யாராவது கூப்பிட்டால் ஒழியப் போகாதே. குறத்தி வேஷமும் போலீஸ் வேஷமும் கட்டிய சின்னப் பிள்ளைகளை எடுப்பதென்றால் பெற்றவர்களிடம் சொல்லிவிட்டு எடு. படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவேன் என்பதையும் சேர்த்துச் சொல். எடுக்கச் சம்மதிப்பதும் ஊருக்கெல்லாம் காட்டச் சம்மதிப்பதும் வேறு வேறு.

பணம் கொடுக்கலாமா என்று உனக்குள் ஓடும். தட்டு நீட்டினால் போடு. அது படத்துக்குக் கூலி இல்லை, அம்மனுக்குப் போகிற காணிக்கை. படம் எடுக்காவிட்டாலும் போட வேண்டியதுதான். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரத்துக்கு முன்வரிசையில் இடம் பிடிக்க நெருக்கியடிக்காதே. பின்னால் மணலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், கிரீடத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பிஸ்கட் ஊட்டும் காளியை அங்கே பார்க்கலாம். எல்லோரும் சூரனை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மற்ற இடங்கள் சுருக்கமாக. அறநிலையத் துறைக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கேமரா விதி கோயிலுக்குக் கோயில் வேறுபடும். வாசலில் கேட்டுவிட்டுப் போ, தெரியாத மாதிரி நுழையாதே. தஞ்சைப் பெரிய கோயில் போலத் தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் டிரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும். பறவை எடுக்கப் போனால் கூட்டின் பக்கம் போகாதே. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் மிரளக் கூடாதென்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.

உறவுக்காரர் கல்யாணத்தில் மட்டும் ஒரு வார்த்தை. தாலி கட்டும் நேரத்தில், கூலிக்கு வந்த போட்டோகிராபருக்கு முன்னால் போய் நிற்காதே. அந்த ஒரு படம் இல்லாவிட்டால் அவருக்குப் பாக்கிப் பணம் வராது; உனக்கு ஒன்றும் ஆகாது. ‘ஃப்ரெண்டுக்கு ஃப்ரீயாக எடுத்துத் தர்றேன்’ என்று முழுக் கல்யாணத்தையும் ஏற்றுக்கொள்வதும் எனக்குப் பிடிக்காது. உனக்கு வங்கியில் சம்பளம் வருகிறது, ஸ்டுடியோக்காரருக்கு முகூர்த்த மாதங்களில்தான் வருகிறது.

குலசையிலிருந்து வந்ததும் எனக்கு லிங்க் அனுப்பாதே. ஆயிரம் படம் எடுத்திருப்பாய். பத்தைப் பொறுக்கி, 4க்கு 6 அடித்து, தபாலில் அனுப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி போடச் சொல், மற்றொன்று யாருக்கு என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வை. பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.

அன்புடன்,
அண்ணன்