யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம்: பெயரும் பொழுதும்

ஆய்வுச்சுருக்கம்

யாழ்ப்பாண நகரின் மணிக்கூட்டுக் கோபுரம் பிரித்தானிய இளவரசர் ஒருவரின் வருகையை நினைவுகூர எழுப்பப்பட்டு, 1882இல் நிறைவுற்றது. ஆயினும் மக்கள் வழக்கில் நிலைத்த அதன் பெயர், அவ்விளவரசரைச் சுட்டுவதில்லை. காலத்தை அளக்கும் கருவியையே சுட்டுகிறது. இப்பெயரின் அமைப்பையும் பொருள்மாற்றத்தையும் சான்றாகக் கொண்டு கோபுரத்தின் வரலாற்றை மீள்வாசிப்புச் செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மணிக்கூடு, மணிக்கூண்டு, நாழிகை, ஆகுபெயர், யாழ்ப்பாணம்.

முன்னுரை

ஒரு நினைவுச்சின்னத்திற்கு இரு வரலாறுகள் உண்டு. எழுப்பியவர் எண்ணியது ஒன்று. பயன்படுத்தியவர் ஆக்கிக்கொண்டது மற்றொன்று. முன்னதற்குக் கல்வெட்டும் அரசு ஆவணமும் சான்றாகும். பின்னதற்குப் பெரும்பாலும் மக்கள் வழங்கும் சொல்லே சான்று. எனவே ஒரு கட்டடத்தின் வரலாற்றை ஆராய்வதில் மொழியாய்வுக்கும் இடமுண்டு.

கட்டடமும் சூழலும்

வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டு 1875இல் இலங்கைக்கு வந்தார். பின்னாளில் ஏழாம் எட்வர்டு என்னும் பெயரில் அரசரானவர் இவரே. அவ்வருகையின் நினைவாக எழுப்பப்பட்ட இக்கோபுரத்தை வடிவமைத்தவர், இலங்கை அரசின் கட்டடக் கலைஞராயிருந்த ஜே. ஜி. ஸ்மிதர். கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. கோபுரம் கோட்டைக்கு அண்மையில் அமைந்துள்ளது. 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடம் இதற்கு 77 ஆண்டுகள் பிற்பட்டது.

பொது மணிக்கூடுகளின் வரவை இருப்புப்பாதையுடன் இணைத்துக் காண்பது வழக்கம். யாழ்ப்பாணத்திற்கு அது பொருந்தவில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான தொடருந்துப் பாதை 1905இல்தான் முழுமையடைந்தது. இலங்கை முழுவதும் கிரீன்விச் நேரத்தினும் ஐந்தரை மணி முந்திய ஒரே பொது நேரம் 1906இல் ஏற்கப்பட்டது. ஆகவே இக்கோபுரம் தொடருந்திற்கு 23 ஆண்டுகளும் பொது நேரத்திற்கு 24 ஆண்டுகளும் முற்பட்டது. நீதிமன்றம், கச்சேரி, பள்ளி ஆகியவற்றின் நேர ஒழுங்கு நகரத்தில் முன்னரே வேரூன்றியிருந்தது என்பதை நோக்க, கோபுரத்தின் பயன்பாட்டை அவற்றோடு இணைத்துக் காண்பதே பொருத்தமாகும்.

நாழிகையும் மணியும்

தமிழர் காலக்கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஏழரை நாழிகை ஒரு சாமம். நீர் கொண்டு பொழுதளக்கும் கருவியைப் பற்றிய குறிப்பு முல்லைப்பாட்டிலேயே உண்டு. நாழிகைக் கணக்கு கதிரவன் எழுச்சியிலிருந்து தொடங்கும். மணிக்கணக்கோ நள்ளிரவிலிருந்து தொடங்கும். இவை அளவால் மட்டுமன்றித் தொடக்கத்தாலும் வேறுபட்ட இருமுறைகள்.

புதியது பழையதை முற்றாக நீக்கிவிடவில்லை. அலுவலகமும் பள்ளியும் மணிக்கணக்கிற்கு உட்பட்டன. திருமணம், விரதம், திருவிழா ஆகியவற்றிற்குப் பஞ்சாங்கத்தின் நாழிகை தொடர்ந்தது. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களும் யாழ்ப்பாணத்தில் வழக்கிலிருப்பது இத்தொடர்ச்சிக்குச் சான்று.

பெயரின் இலக்கணம்

தமிழகத்தில் இவ்வகைக் கட்டடம் ‘மணிக்கூண்டு’ எனப்படும். திண்டுக்கல், ஈரோடு முதலிய ஊர்களில் அது இடப்பெயராகவும் வழங்குகிறது. இங்கு மணிக்கூண்டு என்பது கட்டடமே. உள்ளிருக்கும் கருவி ‘கடிகாரம்’. ஈழத்து வழக்கிலோ கருவியே ‘மணிக்கூடு’. கட்டடத்தைக் குறிக்கக் ‘கோபுரம்’ என்னும் சொல் கூடுதலாக வேண்டியிருக்கிறது. மணிக்கூட்டினது கோபுரம் என்னும் வேற்றுமைப் பொருளில் டகரம் இரட்டித்து ‘மணிக்கூட்டுக் கோபுரம்’ என்றாயிற்று.

கூடு, கூண்டு ஆகிய இரண்டும் ஒன்றை உள்ளடக்கிக் காப்பதைக் குறிப்பன. மணியைக் கொண்ட கூடு என்னும் பொருளுடைய தொடர், ஈழத்தில் உள்ளிருக்கும் கருவிக்கு ஆகிவந்துள்ளது. இதனை இடவாகுபெயர் எனக் கொள்ள இடமுண்டு. இலண்டன் நாடாளுமன்றக் கோபுரம் இதற்கு மறுதலையானது. அங்குப் பெருமணியின் பெயராகிய ‘பிக் பென்’ கோபுரத்திற்கே ஆகிவந்தது, இது தானியாகுபெயரின்பாற்படும். 2012இல் அக்கோபுரத்திற்கு அரசி எலிசபெத்தின் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் மக்கள் வழக்கு மாறவில்லை. மும்பையின் ராஜாபாய் கோபுரமோ, பொருளுதவி செய்த பிரேம்சந்த் ராய்சந்தின் அன்னை பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் அவ்வாறு ஆட்பெயர் நிலைபெறவில்லை. கருவியின் பயனே பெயரை முடிவு செய்தது.

அழிவும் மீட்பும்

உள்நாட்டுப் போரில் கோட்டைப் பகுதி போர்க்களமானபோது கோபுரமும் சேதமுற்றது. 2000களின் தொடக்கத்தில் அது சீரமைக்கப்பட்டு, அன்றைய வேல்ஸ் இளவரசர் சார்லசின் உதவியுடன் புதிய மணிக்கூடுகள் பொருத்தப்பட்டன. சார்லஸ், ஏழாம் எட்வர்டின் எள்ளுப்பேரன். அரசகுடும்பத் தொடர்பு இவ்வாறு புதுப்பிக்கப்பட்ட பின்னரும் கோபுரத்தின் பெயர் மாறவில்லை என்பது கருதத்தக்கது.

முடிவுரை

இக்கோபுரத்தை ஆட்சியாளரின் சின்னமாக மட்டும் காண்பது, அதன்கீழ் நாள்தோறும் பொழுதறிந்து சென்றோரை வரலாற்றிலிருந்து நீக்குவதாகும். நகரின் அழகுச்சின்னமாக மட்டும் காண்பது, அதன் தோற்றத்திற்குக் காரணமான அதிகாரத்தை மறைப்பதாகும். இவ்விரண்டிற்கும் இடையே மக்கள் இட்ட பெயர் நிற்கிறது. சீரமைப்பு கல்லையும் கருவியையும் மீட்கும். பெயரை நூறாண்டுக்கு மேலாகக் காத்துவந்தது மக்கள் வழக்கு. அவ்வழக்கையும் ஆவணமாகக் கொள்வது நகர வரலாற்றாய்வின் கடமையாகும்.